வேர் விட்ட லோர்ச்சா

சிப்பிக்கழிக்கு அந்தக் கப்பல் வந்தது ஐப்பசி மாதத்துப் புயலில். மூன்று நாள் மழையும் காற்றும் ஊரைப் பிடித்து உலுக்கிவிட்டு, நாலாம் நாள் காலையில் களைத்து ஒதுங்கியபோது, கழிமுகத்துக்கு உள்ளே, எங்கள் தோணிகளுக்கு நடுவில், எந்த நாட்டுக் கப்பல் என்று பார்த்தவுடன் சொல்ல முடியாத ஒரு கப்பல் சுக்கான் ஒடிந்து நின்றுகொண்டிருந்தது. உடம்பைப் பார்த்தவர்கள் பரங்கிக் கப்பல் என்றார்கள், ஏனென்றால் விலா எலும்புபோலச் சட்டங்கள் நிறுத்தி, வயிறு உருண்டு, கொச்சிப் பக்கம் வரும் பரங்கிக் கப்பல்களைப்போலவே இருந்தது. பாயைப் பார்த்தவர்கள் சீனக் கப்பல் என்றார்கள், ஏனென்றால் மூன்று பாய்மரங்களிலும் மூங்கில் கழிகளைக் குறுக்கே கோத்துக் கட்டிய பாய்கள் வௌவாலின் இறகுபோல மடங்கிக் கிடந்தன. இரண்டு கட்சியும் கரையில் நின்று சண்டை பிடித்துக்கொண்டிருக்கும்போதே கப்பலின் தலைவரான தண்டல் சிறு படகில் இறங்கி வந்து, தொப்பியைக் கழற்றி, பரங்கி பாஷையில் ஏதோ சொன்னார்.

எங்களுக்கெல்லாம் பரங்கிப் பெயர்கள் உண்டு, மொராயிஸ், பெர்னாந்து, கர்வாலோ என்று. ஆனால் பரங்கி பாஷை தெரிந்தவள் ஊரில் ஒருத்திதான் இருந்தாள். அவள் கித்தேரி. தாய் தகப்பன் இல்லாமல் கொச்சியில் கன்னியாஸ்திரிகளிடம் வளர்ந்து, இருபது வயதில் ஊருக்குத் திரும்பி வந்து, கல்யாணம் என்று ஒன்று அமையாமலே முப்பத்தாறு வயதைத் தொட்டிருந்தாள். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பாள்; ஊருக்கு வரும் கடிதங்களைப் படித்துச் சொல்வாள்; ஊரிலிருந்து போகும் கடிதங்களை எழுதிக் கொடுப்பாள். அவளைக் கூட்டி வந்தோம்.

"இந்த மாதிரிக் கப்பலுக்கு லோர்ச்சான்னு பேராம்," என்றாள் கித்தேரி. "சீனக் கரையில பரங்கிகளோட ஊர் மக்காவ், அங்க கட்டினதாம். உடம்பு இவரோட அப்பா நாடு, பாய் இவரோட அம்மா நாடு. இவரும் அப்படித்தானாம்."

பார்த்தோம். நரைத்த தாடி நாலைந்து முடியாகத் தொங்க, இடுங்கிய கண்ணும் உயர்ந்த மூக்குமாக, ஐம்பது வயதில், கப்பலும் அவரும் ஒரே அச்சில் வார்த்த மாதிரிதான் இருந்தார். பெயர் பெலிசார். மலாக்காவிலிருந்து பிரம்பு ஏற்றிக்கொண்டு பினாங்குக்குப் போனவரைப் புயல் இழுத்துக்கொண்டுவந்து எங்களிடம் போட்டிருந்தது.

சுக்கான் செய்து மாட்ட ஒரு மாதம் ஆயிற்று. அதற்குள் கப்பலில் இருந்த ஒன்பது ஆட்களும் எங்கள் வீடுகளில் சாப்பிட்டு, எங்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரியும் அளவுக்கு நெருங்கிவிட்டார்கள். கிளம்புகிற நாளில் பூசை முடிந்து ஊரே கரைக்கு வந்து நிற்க, நங்கூரத்தைத் தூக்கினார்கள், பாயை ஏற்றினார்கள், காற்று வந்து பாயை நிரப்பியது, பாய்மரங்கள் முனகின. கப்பல் நகரவில்லை. இன்னொரு பாய் ஏற்றினார்கள். நகரவில்லை. சங்கு குளிக்கும் சூசை இடுப்புத்துணியை இறுக்கிக்கொண்டு கப்பலுக்கு அடியில் போய், நூறு எண்ணும் நேரம் கழித்து மேலே வந்து, தோணியின் விளிம்பைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்:

"தண்டலே, கப்பல் வேர் விட்டிருக்கு."

கித்தேரி அதைப் பரங்கியில் சொன்னாள். பெலிசார், எத்தனை என்று கேட்டார்.

"ஏழு. சுண்டுவிரல் கனம் இருக்கும். பலகைச் சந்திலேருந்து இறங்கி சேத்துக்குள்ள போயிருக்கு. வெட்டிரவா?"

பெலிசார் யோசித்தார். வேர் புறப்பட்டிருப்பது பலகை சேரும் இடத்தில், அறுக்கும்போது இழுபட்டால் சந்து திறந்து தண்ணீர் ஏறும், எப்படியும் உப்புத் தண்ணீரில் எந்த வேரும் பிழைக்காது, பத்து நாளில் தானாகக் கருகிவிடும் என்று சொன்னார். "விடு, காயட்டும்" என்பதுதான் தமிழில் அவர் முதலில் கற்றுக்கொண்ட வாக்கியம். பிறகு ரொம்ப காலத்துக்கு அதை அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதை நாங்கள் கேட்டிருக்கிறோம்.

காயவில்லை. மார்கழியில் கப்பலின் பக்கப் பலகைகளில் சிவந்த கொழுந்துகள் முளைத்தன; கசக்கினால் கற்பூரம் மணத்தது, ஏனென்றால் அது கற்பூர மரத்துப் பலகையாம். தை மாதத்தில் பாய்களின் குறுக்குக் கழிகள் கணுவுக்குக் கணு வெடித்து மூங்கில் இலை விட்டன. உடம்பில் ஒரு இலை, பாயில் ஒரு இலை என்று இரண்டு பச்சையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வளர்ந்தன. துறைமுக ஆபீசிலிருந்து வந்த குமாஸ்தா தோணியில் கப்பலை மூன்று சுற்றுச் சுற்றி, பதிவேட்டில் முதலில் கப்பல் என்று எழுதி, அதை அடித்து மரம் என்று எழுதி, அதையும் அடித்து, 'மூன்று பாய்மரம், இலைகள் உண்டு, நகராது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தங்கச்சி கல்யாணத்துக்கு ஒரு கிளை கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மாதம் ஒருமுறை வரும் பிரெஞ்சுச் சாமியார் தீர்த்தம் தெளித்து, எதற்கும் இருக்கட்டும் என்று கப்பல்களுக்கான செபத்தையும் பயிர்களுக்கான செபத்தையும் சேர்த்தே சொன்னார். ஆடு வைத்திருந்தவர்கள் ஆட்டைத் தோணியில் ஏற்றிக் கப்பலின் மேல்தட்டில் மேய விட்டார்கள். மதியம் வலை பின்னுகிறவர்கள் அதன் நிழலில் தோணியைக் கட்டிக்கொண்டு பின்னினார்கள்.

மாசியில் கப்பலின் அடித்தட்டு நிறையத் தண்ணீர் கண்டது. மூழ்கப் போகிறது என்று பெலிசார் ஓடிப்போய்க் கையில் அள்ளி வாயில் வைத்தார். நல்ல தண்ணீர். வேர் கடலுக்கு அடியில் எங்கேயோ போய் எதையோ குடித்துவிட்டு வந்து, கப்பலின் வயிற்றில் அதைச் சேர்த்து வைத்திருந்தது.

எங்கள் ஊரின் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோடையில் எந்தக் குழி தோண்டினாலும் உப்பு. அதைக் குடித்துப் பிள்ளைகளுக்கு வயிறு போகும். பங்குனி சித்திரையில் கல்லறைத் தோட்டத்தின் தெற்கு ஓரத்தில் முழ நீளக் குழிகள் வரிசையாக விழும். சூசையின் மனைவி சவேரியாள் அந்த ஓரத்தில் இரண்டைப் புதைத்தவள். கப்பல் தண்ணீரை நாங்கள் குடித்த அந்தக் கோடையில் எங்கள் ஊரில் ஒரு பிள்ளைக்கும் குழி வெட்டவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கப்பலை நாங்கள் யாரும் அவருடைய கப்பல் என்று சொல்லவில்லை. நம்ம கப்பல் என்றோம்.

ஒன்பது ஆட்களும் கொழும்புக்குப் போகும் தோணிகளில் இரண்டு மூன்று பேராகப் போய்விட்டார்கள். பெலிசார் போகவில்லை. அவருக்கு உலகத்தில் இருந்தது இரண்டுதான்: அந்தக் கப்பலும், மக்காவில் அத்தை வீட்டில் விட்டுவந்த மார்த்தா என்ற மகளும். கப்பலை விட்டுவிட்டு வெறுங்கையோடு மகள்முன் போய் நிற்க அவருக்கு மனம் வரவில்லை. வேர் காயட்டும், காய்ந்ததும் கிளம்பலாம் என்று இருந்தார்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தினமும் மத்தியானம் கித்தேரியின் வீட்டு முற்றத்து வேப்பமர நிழலில் பாயில் உட்கார்ந்து மகளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லுவார், கித்தேரி எழுதுவாள். ஒரு கடிதம் எழுதவே பதினைந்து நாள் ஆயிற்று, ஏனென்றால் இரண்டு வரி சொல்வதும் மீதி நேரமெல்லாம் பேசிக்கொண்டிருப்பதும் வழக்கமாகிவிட்டது. மார்த்தா சின்ன வயதில் மீனின் கண்ணைத்தான் முதலில் தின்பாள் என்று சொல்லுவார். கொச்சி மடத்தில் மழை நாளில் சொல்லிக்கொள்ளும் விடுகதைகளைக் கித்தேரி சொல்லுவாள். பதினாறு வருஷமாகப் பேச ஆளில்லாமல் அவள் வாய்க்குள்ளேயே கிடந்த பாஷை அது. அவள் சத்தம் போட்டுச் சிரித்ததை நாங்கள் முதல்முதலாகக் கேட்டது அந்த மாதங்களில்தான்.

அந்தக் கடிதத்துக்குப் பதில் ஆவணி மாதம் வந்தது.

எங்கள் ஊரில் கடிதம் தனியாக ஒருவருக்கு வருவதில்லை. வந்தால் ஊருக்கே வந்த மாதிரி. எல்லாரும் கரையில் கப்பலின் நிழல் விழுகிற இடத்தில் கூடிவிட்டோம். பெலிசார் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாயெல்லாம் சிரிப்பாக, "படி, கித்தேரி. மெதுவாப் படி," என்றார். கித்தேரி உறையைக் கிழித்து, இரண்டு தாள்களையும் விரித்து, முதல் பக்கத்தைக் கண்ணால் ஓட்டினாள். பிறகு தலையைத் தூக்கினாள். அவளுக்கு நேரே சவேரியாள் நிறைமாத வயிற்றோடு, கப்பலிலிருந்து அப்போதுதான் எடுத்துவந்த தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

கித்தேரி படித்தாள். மார்த்தா நல்ல சுகம். அத்தையும் சுகம். கப்பல் இலை விட்டதைக் கேட்டுச் சிரித்தார்களாம். அப்பா அவசரப்பட வேண்டாம். எல்லாம் சரியானபின் நிதானமாக வந்தால் போதும்.

பரங்கியில் ஒருதரமும் எங்களுக்காகத் தமிழில் ஒருதரமும் சொன்னாள். இரண்டு தாளில் முன்னும் பின்னும் நெருக்கி எழுதியிருந்த கடிதம், ஒரு பரமண்டல மந்திரம் சொல்லும் நேரத்தில் படித்து முடிந்துவிட்டது. சொல்லும்போது அவள் இரண்டு இடத்தில் தடுமாறியதையும் நாங்கள் பார்த்தோம். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பெலிசார் தாள்களை வாங்கி முத்தமிட்டு, சட்டைக்குள் வைத்துக்கொண்டார். சவேரியாளுக்கு அடுத்த வாரம் பெண் பிறந்தது. மார்த்தா என்றே பெயர் வைத்தோம், பெலிசார்தான் ஞானத்தகப்பன்.

மார்கழியில் இரண்டாவது கடிதம் வந்தது. எழுத்து சாய்ந்து சாய்ந்து கிடந்தது. அதையும் கித்தேரி அதே மாதிரி படித்தாள். இந்த முறை அவள் எங்கேயும் தடுமாறவில்லை, அதைத்தான் நாங்கள் பிறகு ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தோம். சுகம் என்றாள், மார்த்தா தையல் படிக்கிறாள் என்றாள், தேவதாய் திருநாளுக்கு நீல உடுப்பு எடுத்தாளாம் என்று கடிதத்தில் இல்லாத உடுப்புக்கு ஒரு நிறமும் சொன்னாள். அதற்குள் வேர் தொடைக் கனத்துக்கு ஆகிவிட்டது என்று சூசை சொல்லியிருந்தான். பெலிசாரும் காயட்டும் என்று சொல்வதை நிறுத்திவிட்டு, ஊரின் மூன்று தெருவுக்கும் தண்ணீர் இறைத்து ஊற்ற மேல்தட்டில் ஒரு ஏற்றம் செய்துகொண்டிருந்தார்.

மூன்றாவது கடிதம் அடுத்த ஆடியில் வந்தது. உறைமேல் இருந்த எழுத்தே வேறு கை. தபால்காரனிடமிருந்து வாங்கிய இடத்திலேயே நின்று கித்தேரி அதைப் படித்தாள். அன்றைக்கு அவள் கரைக்கு வரவில்லை. நாங்களே பெலிசாரிடம், கடிதம் வந்திருக்காமே என்று சொன்னோம், அவர் எழுந்து அவள் வீட்டுக்குப் போனார், வழக்கம்போல நாங்களும் பின்னால் போனோம்.

முற்றத்தில் பாய் விரிக்கவில்லை. கித்தேரி நின்றுகொண்டிருந்தாள்.

"மார்த்தா செத்துப்போச்சு, தண்டலே," என்றாள். அதைப் பரங்கியில் சொல்லாமல் தமிழில் சொன்னாள். "மாசி மாசம் பத்தாம் தேதி. அவ அத்தை எழுதியிருக்காங்க."

பெலிசார் சட்டைக்குள்ளிருந்து முதல் இரண்டு கடிதங்களையும் எடுத்தார். வியர்வையில் ஓரமெல்லாம் நைந்திருந்தன.

"முதல்லேருந்து படி," என்றார்.

"தண்டலே..."

"இதுல என்ன எழுதியிருக்கோ, அதைப் படி."

கித்தேரி படித்தாள். அந்த மத்தியானம் முழுக்கப் படித்தாள். ஒவ்வொரு வரியையும் பரங்கியில் படித்து, பிறகு எங்களைப் பார்த்துத் தமிழில் சொன்னாள், எங்களுக்கும் அது தெரிந்தாக வேண்டும் என்பதுபோல. அப்பா, எனக்கு மழைக்காலத்திலிருந்து இருமல், துணியில் ரத்தம் வருகிறது, அப்பாவுக்கு எழுத வேண்டாம் என்று அத்தை சொன்னாள், ஆனால் நான் எழுதுகிறேன். கிழக்கே கொண்டுவரும் காற்று ஓய்வதற்குள் கிளம்பினால் கிறிஸ்துமசுக்கு முன்னால் வந்துவிடலாம் என்று துறைமுகத்தில் விசாரித்தேன். கப்பல் வராவிட்டால் பரவாயில்லை, அப்பா மட்டும் வந்தால் போதும். இது முதல் கடிதம். இரண்டாவதில், கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போடச் சொன்னேன், அங்கிருந்து பார்த்தால் படகுகள் திரும்புவது தெரிகிறது, வௌவால் பாய் எது வந்தாலும் எண்ணுகிறேன், நேற்று பதினேழு என்று எழுதியிருந்தது. அங்கே கித்தேரியால் படிக்க முடியவில்லை. பெலிசார் காத்திருந்தார். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு மீதியையும் படித்தாள்.

முடிந்ததும் பெலிசார் கூட்டத்தில் சூசையைத் தேடிக் கண்டுபிடித்துக் கேட்டார்.

"முதல் கடிதம் வந்த ஆவணியில, வேர் எவ்வளவு கனம்?"

சூசை மண்ணைப் பார்த்துக்கொண்டு, "மணிக்கட்டு கனம் இருக்கும்," என்றான்.

"வெட்டியிருக்கலாமா?"

"ஒரு காலைப் பொழுது வேலை, தண்டலே."

பெலிசார் விரலை மடக்கி எண்ணினார். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை. கார்த்திகையில் போய்ச் சேர்ந்திருந்தால் மார்கழி, தை, மாசி. "மூணு மாசம்," என்றார். "மூணு மாசம் கூட இருந்திருப்பேன்."

"ஏன் அப்படிப் படிச்சே?" என்று அவர் கேட்பார் என்று நாங்கள் காத்துக்கொண்டு நின்றோம். அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கித்தேரி என்ன சொல்லியிருப்பாள் என்று பிற்பாடு பெண்கள் அவளிடமே கேட்டார்கள். "சவேரியாள் குடத்தோட நின்னா, அதனாலன்னு முதல்ல நினைச்சேன்," என்றாளாம். "அப்புறம், நாளைக்கு மத்தியானம் அவர் வரமாட்டாரேன்னு தோணினதாலன்னு நினைச்சேன். எதுன்னு இன்னும் தெரியலை. ரெண்டு கடிதத்திலயும் ஒரே பொய்யைத்தான் சொன்னேன், ரெண்டுக்கும் ஒரே காரணமான்னுகூடத் தெரியலை."

மறுநாள் காலையில் ஊர் ஆண்கள் எல்லாம் கோடரியும் ரம்பமும் எடுத்துக்கொண்டு தோணிகளில் கப்பலைச் சூழ்ந்து நின்றோம். வேர் இப்போது தென்னை மரத்துக் கனம்; ஒரு மாதமானாலும் வெட்டிவிடுவது, பெலிசாரை அவர் கப்பலோடேயே அனுப்புவது என்று பேசி முடிவு செய்திருந்தோம். சவேரியாளும் வந்திருந்தாள், இடுப்பில் பிள்ளையோடு. உண்மையைச் சொன்னால், வெட்ட வேண்டாம் என்று அவர் சொல்ல வேண்டுமே என்றுதான் எங்களில் ஒவ்வொருவரும் மனதுக்குள் வேண்டிக்கொண்டு நின்றோம். அவர் அதையே சொன்னார்.

"வேண்டாம். பிள்ளைங்க குடிக்குது," என்றார்.

கோடரிகளை இறக்கியபோது எங்களுக்கு ஏற்பட்ட நிம்மதியை நினைத்து இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

கொழும்புக்குப் போகும் கருவாட்டுத் தோணி ஒன்றில் அவருக்கு இடம் சொன்னோம். தோணி கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் அவர் கித்தேரி வீட்டு முற்றத்துக்கு வந்து, நின்றபடியே, ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றார். அவள் தாளும் மையும் எடுத்துவந்து உட்கார்ந்தாள்.

"யாருக்கு?"

"மார்த்தாவுக்கு."

அவள் தலையை நிமிர்த்தவில்லை. அவர் சொன்னார், அவள் எழுதினாள். நாலைந்து வரிதான். எழுதி முடித்ததும், படி என்றார். படித்தாள். இன்னொரு தரம் படி என்றார். படித்தாள். அவர் காதை அவள் பக்கம் சாய்த்து, அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு, சொன்னதும் படிப்பதும் ஒன்றா என்று கவனித்தார். பிறகு தாளை மடித்து வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் தோணி ஏறும்போது எல்லாருக்கும் கைகொடுத்தார். சவேரியாளின் பிள்ளையைத் தூக்கி முத்தமிட்டார். கித்தேரி கூட்டத்தின் பின்னால் நின்றாள், அவர் அந்தப் பக்கம் வரவில்லை. தோணி கப்பலின் இலைகளை உரசிக்கொண்டுதான் போனது. அவர் நிமிர்ந்து அதைப் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்தத் தோணி கொழும்பிலிருந்து திரும்பி வந்தது. தோணிக்காரர் மிக்கேலைச் சுற்றிக்கொண்டு விசாரித்தோம். பெலிசார் மலாக்காவுக்குப் போகும் ஒரு கப்பலில் சமையல்காரராக ஏறிப் போய்விட்டார் என்றார். வேறே ஏதாவது உண்டா என்று கேட்டோம். ஒன்று உண்டு என்று மிக்கேல் சொன்னார். தோணி ஒதுங்கிய முதல் துறையில் பெலிசார் இறங்கி, கோயிலில் இருந்த ஒரு பரங்கிச் சாமியாரைத் தேடிப்பிடித்து, சட்டைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்துப் படிக்கச் சொன்னாராம். கேட்டுவிட்டு மடித்து வைத்துக்கொண்டாராம். அடுத்த துறையில் ஒரு கடைக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாராம். கொழும்பில் மட்டும் மூன்று பேரிடம், வயதான ஒரு பரங்கி மாதுவிடம், ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம், கடைசியில் பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்த ஒரு பெண் பிள்ளையிடம்.

கித்தேரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் அப்படி முன்னால் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"என்ன படிச்சாங்க?" என்று கேட்டாள்.

மிக்கேல் அவளைப் பார்க்கச் சங்கடப்பட்டுக்கொண்டு, கடலைப் பார்த்துச் சொன்னார். "அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை எனக்குத் தமிழ்லயும் சொல்லுச்சு. 'மார்த்தா, அப்பா கிளம்பிட்டேன். கப்பல் வரலை, நான் மட்டும் வரேன். உன் கடிதம் கிடைச்ச அன்னைக்கே கிளம்பிட்டேன். அதுவரைக்கும் ஜன்னலைச் சாத்த வேண்டாம்னு அத்தைகிட்ட சொல்லு.' அவ்வளவுதான்."

"அஞ்சு பேரும் அதையேதான் படிச்சாங்களா?"

"அஞ்சு பேரும். நானும் கூடத்தான் நின்னேன், பாஷை புரியலைன்னாலும் சத்தம் அஞ்சு தரமும் ஒண்ணுதான்."

"ஒரு வார்த்தைகூட மாறலையே?"

"மாறலை, அக்கா."

கித்தேரி தலையை ஆட்டினாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, எங்களுக்கு நடுவில் நாங்கள் விட்ட வழியில் நடந்து, வீட்டுக்குப் போனாள்.